எட்டாவது அணியைத் தேடி: பேக்-12 கூட்டமைப்பின் முன் இருந்த வழிகள்

2023 நவம்பரில், வாஷிங்டன் மாநிலத்தின் கோதுமை மேடுகளுக்கு நடுவே இருக்கும் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரின் நீதிமன்றத்தில் ஒரு விநோதமான பாகப்பிரிவினை வழக்கு நடந்தது. பன்னிரண்டு பேர் இருந்த கூட்டுக்குடும்பத்தில் பத்துப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். மிஞ்சிய இருவர் கேட்டது இதுதான்: வீட்டைவிட்டுப் போகிறவர்களுக்கு வீட்டுச் சொத்தைப் பற்றி வாக்களிக்கும் உரிமை எதற்கு? நீதிபதி கேரி லிபி அந்த இருவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

அந்த இருவர் வாஷிங்டன் ஸ்டேட், ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகங்கள். வீடு, பேக்-12 என்ற விளையாட்டுக் கூட்டமைப்பு. 1915-இல் போர்ட்லாந்தில் தொடங்கிய பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பின் வழி வந்தது. அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகள் தனித்தனியே ஆடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, தங்களுக்குள் ஆட்ட அட்டவணை போட்டு, தொலைக்காட்சி உரிமையை மொத்தமாக விற்று, வரும் பணத்தைப் பங்கு பிரித்துக்கொள்கின்றன. கூடைப்பந்து, கைப்பந்து, நீச்சல் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் பணம் வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்திலிருந்து. நம் ஊரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டிகளை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. இங்கே ஒரு கூட்டமைப்பில் இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் வித்தியாசம்.

பத்துப் பேர் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் யுசிஎல்ஏவும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரமே கையைவிட்டுப் போன பிறகு நல்ல விலைக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தம் அமையவில்லை. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பேர் போனார்கள். செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. பசிபிக் கரையில் இருந்துகொண்டு அட்லாண்டிக் கூட்டமைப்பில் உறுப்பினர்!

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2021 ஆகஸ்டில், இதே பேக்-12 புதிதாக யாரையும் சேர்ப்பதாக இல்லை என்று அறிவித்திருந்தது. டெக்சஸும் ஓக்லஹோமாவும் விலகப்போவதாகச் சொல்லி, பிக் 12 கூட்டமைப்பு ஆட்டம் கண்டிருந்த நேரம் அது. அன்று கதவைத் தட்டியிருந்தால் திறக்கக்கூடிய பல்கலைக்கழகங்கள் அங்கே பல இருந்தன. பிக் 12 அசரவில்லை. இரண்டே வாரத்தில் பிரிகம் யங், சின்சினாட்டி, ஹூஸ்டன், மத்திய புளோரிடா என்று நான்கு பேரை அழைத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டது. அந்த நால்வரும் 2016-இல் இதே பிக் 12-இன் நேர்காணலுக்குப் போய், மற்ற ஏழு பேரோடு சேர்த்து, "இப்போதைக்கு விரிவாக்கம் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஐந்து ஆண்டுகளில் அவர்களுடைய தகுதி பெரிதாக மாறிவிடவில்லை. அழைத்தவரின் தேவைதான் மாறியிருந்தது. புதிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி எத்தனையோ அளவுகோல்களைச் சொல்கிறார்கள்: நகரத்தின் அளவு, பார்வையாளர் எண்ணிக்கை, ஆராய்ச்சித் தரம், தூரம். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அளவுகோலைக் கையில் எடுக்கும் நாள் எது என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது. பேக்-12 தன்னை மீட்டுக்கொண்ட விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

விதி எளியது. உயர்நிலைக் கால்பந்தில் ஒரு கூட்டமைப்பு என்று சொல்லிக்கொள்ளக் கால்பந்து ஆடும் எட்டு உறுப்பினர்கள் வேண்டும். எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பேக்-12-க்கு அது 2026 ஜூலை 1 அன்று முடிவதாக இருந்தது. கையில் இருவர், தேவை இன்னும் ஆறு பேர். கஜானாவில், பிரிந்து போனவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டில் கிடைத்த 6.5 கோடி டாலரும், கூட்டமைப்பின் பழைய வருமானங்களும் இருந்தன. கையில் காசு இருந்து வீட்டில் ஆள் இல்லாத நிலைமை.

இடைக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். 2024 கால்பந்துப் பருவத்துக்குப் பக்கத்து மவுன்டன் வெஸ்ட் கூட்டமைப்பிடம் 1.4 கோடி டாலர் கொடுத்து ஆட்டங்கள் வாங்கினார்கள். கூடைப்பந்துக்கு மேற்குக் கடற்கரைக் கூட்டமைப்பில் இரண்டு ஆண்டு குடியிருந்தார்கள். மவுன்டன் வெஸ்ட் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு முள் இருந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவரை இழுத்தால் 1 கோடி டாலர் அபராதம். அடுத்தடுத்த ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் கூடுதல். இரண்டாமவருக்கு 1.05 கோடி, மூன்றாமவருக்கு 1.1 கோடி என்று ஏறிக்கொண்டே போகும். பதினொரு பேரை இழுத்தால் மொத்தம் 13.75 கோடி. பன்னிரண்டு பேரையும் மொத்தமாகச் சேர்த்துக்கொண்டால் அபராதமே இல்லை. முள்ளை வைத்தவர்கள் எந்தப் பக்கம் தள்ளப் பார்த்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

ஆக, முதல் வழி அதுதான்: இரண்டு கூட்டமைப்புகளும் இணைந்துவிடுவது. பதினான்கு பேர், அபராதம் கிடையாது, பேக்-12 என்ற பெயர் நிலைக்கும். வெளியிலிருந்து பார்த்த பலருக்கு இதுவே நியாயமான தீர்வாகத் தோன்றியது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி நிறுவனம் கொடுக்கும் தொகையைப் பதினான்காகப் பங்கிட வேண்டும். பாய்ஸி ஸ்டேட் ஆடும் ஆட்டத்துக்கு வரும் பார்வையாளர் கூட்டமும் பட்டியலின் அடியில் உள்ள அணிக்கு வருவதும் ஒன்றல்ல. புதிதாக வருபவர் கூட்டமைப்பின் சராசரியை உயர்த்துகிறாரா, மொத்தத்தை மட்டும் கூட்டுகிறாரா என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் கேள்வி. 2024-இல் தேசிய இறுதிச்சுற்று பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. அப்போது அதில் ஐந்து இடங்கள் தரவரிசையில் முன்னிற்கும் ஐந்து கூட்டமைப்பு வாகையர்களுக்கு என்று இருந்தது. பலவீனமான எதிரிகளோடு ஆடி ஜெயிப்பவருக்குத் தரவரிசையில் மதிப்பு குறையும்.

இன்னொன்றும் உண்டு. அதை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். கோல்ஃபாக்ஸ் நீதிமன்றம்வரை போய் வாங்கிய ஆட்சியுரிமையை, பதினான்கு பேர் கொண்ட குழுவில் இரண்டு வாக்காகக் கரைத்துவிட யாருக்கு மனம் வரும்?

இரண்டாவது வழி கொஞ்சம் குரூரமானது. மவுன்டன் வெஸ்ட்டின் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கூடி அந்தக் கூட்டமைப்பையே கலைத்துவிட வாக்களித்தால், விலகல் கட்டணம் என்பதே இல்லாமல் போய்விடும். அந்தக் கட்டணம் தலைக்கு 1.7 கோடி டாலருக்கு மேல். ஒன்பது பேருக்கு இடம் தருவதாக இரகசியமாக வாக்களித்து, மூன்று பேரை நடுத்தெருவில் விட வேண்டும். காகிதத்தில் இதுவே ஆகச் சிக்கனமான வழி. ஆனால் அந்த மூவர் யார் என்று தெரியாதவரை ஒன்பது பேரும் நடுங்குவார்கள். தெரிந்த மறுநிமிடம் செய்தி வெளியே வந்துவிடும். ஒரு பல்கலைக்கழகத் தலைவருக்கு மேல் ஆட்சிக்குழு, அதற்கு மேல் மாநில அரசு என்று இருக்கும் இடத்தில் ஒன்பது பேர் வாயைக் கட்டி வைப்பது நடக்கிற காரியமா?

மூன்றாவது வழி, நல்லதாகப் பார்த்துப் பொறுக்குவது. பேக்-12 இதைத்தான் செய்தது. 2024 செப்டம்பர் 12 அன்று பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் ஆகிய நான்கும் 2026-இல் சேரும் என்று அறிவித்தது. அபராதக் கணக்கு 4.3 கோடி.

நான்கு பெயர்களும் ஒரே காரணத்துக்காக வரவில்லை. பாய்ஸி ஸ்டேட்டுக்கு ஊர் பெரிதில்லை, பெயர் பெரிது. 1986 முதல் நீலப் புல்தரையில் ஆடும் அணி, 2007 ஃபியெஸ்டா பவுல் ஆட்டத்தில் (பவுல் என்பது பருவ முடிவில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டம்) ஓக்லஹோமாவை 43-42 என்று வீழ்த்திய அணி. அழைப்பு வந்த அதே 2024 பருவத்தில் அதன் ஆட்டக்காரர் ஆஷ்டன் ஜென்டி பந்தோடு 2,601 கஜம் ஓடி அந்த அணியைத் தேசிய இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனார். சான் டியாகோவைச் சேர்த்ததற்குக் காரணம் ஊர். லாஸ் ஏஞ்சலிஸ் போன பிறகு தெற்குக் கலிபோர்னியாவில் கால் ஊன்ற வேறு இடமில்லை. 2022-இல் திறந்த புதிய மைதானம், 2023-இல் தேசியக் கூடைப்பந்து இறுதியாட்டம்வரை போன அணி. கொலராடோ ஸ்டேட்டும் ஃப்ரெஸ்னோவும் நிதானமான தேர்வுகள். குறை சொல்லவும் இல்லை, கொண்டாடவும் இல்லை.

சான் டியாகோவின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 2023 ஜூனில், பழைய பேக்-12-இலிருந்து அழைப்பு வந்துவிடும் என்று நம்பி, மவுன்டன் வெஸ்ட்டுக்கு விலகும் எண்ணத்தைத் தெரிவித்து ஒரு கடிதம் எழுதியது. ஜூன் 30 தாண்டினால் விலகல் கட்டணம் இரட்டிப்பாகும் என்பதால், கொஞ்சம் அவகாசமும் கேட்டது. அழைப்பு வரவில்லை. நிச்சயதார்த்தம் நடக்கும் முன்பே பழைய வீட்டைக் காலி செய்ய எழுதிக் கொடுத்தவர் நிலைதான். கடிதத்தை விழுங்கிவிட்டுத் திரும்பி வந்து அதே கூட்டமைப்பில் உட்கார வேண்டியிருந்தது. பதினைந்து மாதத்தில் அதே பல்கலைக்கழகம் பட்டியலின் முதல் நால்வரில் ஒன்று. இடையில் சான் டியாகோ புதிதாகச் சாதித்ததற்காக வந்த அழைப்பா இது? பேக்-12-இல் ஆள் இல்லாமல் போயிருந்தது.

அறிவிப்பு வந்து இரண்டே நாளில், செப்டம்பர் 14 அன்று, சியாட்டிலில் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் வாஷிங்டனுக்கும் ஆப்பிள் கப் ஆட்டம். போனவரும் மிஞ்சியவரும் நேருக்கு நேர். ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கையில், கடைசி வாய்ப்பில், கோட்டுக்கு ஒரு கஜத்தில் பந்தோடு நின்றது வாஷிங்டன். ஓரமாக ஓடப் பார்த்தவரை வாஷிங்டன் ஸ்டேட் ஆட்டக்காரர்கள் மடக்கிப் போட்டார்கள். 24-19 என்று வாஷிங்டன் ஸ்டேட் வென்றது. அன்று இரவு யாரைக் கேட்டாலும் பேக்-12 பிழைத்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் பயிற்சியாளர் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்டுக்கும், அன்று அணியை நடத்திய ஜான் மடீர் ஓக்லஹோமாவுக்கும் போய்விட்டார்கள். கூட்டமைப்பு கட்டி முடிக்கும்வரை ஆட்டக்காரர்கள் காத்திருப்பதில்லை. காலத்தின் விலையைக் கணக்கிடும்போது இதையும் சேர்க்க வேண்டும்.

ஆறு பேர் ஆயிற்று. இன்னும் இரண்டு. இங்கேதான் நான்காவது வழி குறுக்கே வந்தது: கிழக்கே பார்ப்பது. மெம்ஃபிஸ், டுலேன், தெற்கு புளோரிடா, சான் அன்டோனியோவின் யுடிஎஸ்ஏ. எல்லாம் அமெரிக்கன் கூட்டமைப்பைச் சேர்ந்தவை. பெரிய நகரங்கள், நல்ல அணிகள், மவுன்டன் வெஸ்ட்டுக்கு அபராதம் கட்ட வேண்டாம். ஆனால் அங்கேயும் ஒரு முள். விலகுவதற்கு 27 மாத முன்னறிவிப்பும் 1 கோடி டாலரும் தர வேண்டும். அவகாசம் குறைந்தால் தொகை ஏறும். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் அங்கிருந்து அவசரமாக வெளியேறியபோது 2.5 கோடி கட்டியது. (அதோடு, புதிய வீட்டில் ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்தது. டெக்சஸ் எண்ணெய்ப் பணக்காரர்களின் பிள்ளை; வரதட்சணை கொடுக்கத் தாங்கும்.) மெம்ஃபிஸுக்கு அந்தத் தாராளம் இல்லை. மிசிசிப்பிக் கரையிலிருந்து பசிபிக் கரைக்கு எல்லா அணிகளையும் விமானத்தில் அனுப்பும் செலவு வேறு. செப்டம்பர் 23 அன்று நான்கும் இருந்த இடத்திலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டன. அன்றைக்கே பேக்-12 யூட்டா ஸ்டேட்டைச் சேர்த்துக்கொண்டது. மவுன்டன் வெஸ்ட் அபராதம் 5.5 கோடி ஆனது. மறுபக்கம், இந்த அபராதமே செல்லாது என்று பேக்-12 கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கும் போட்டது.

அக்டோபரில் கொன்சாகா வந்தது. ஸ்போகேன் நகரின் சேசுசபைப் பல்கலைக்கழகம். 1999-இலிருந்து ஒவ்வொரு தேசியக் கூடைப்பந்துப் போட்டியிலும் இடம்பிடிக்கும் அணி. கால்பந்து அணியே கிடையாது. எண்ணிக்கைக்கு உதவாது, மதிப்புக்கு உதவும். எல்லாத் தேர்வுகளிலும் எனக்கு மறுப்பே இல்லாத தேர்வு இதுதான்: வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மனிலிருந்து கொன்சாகாவுக்குக் காரில் போய்விடலாம், கால்பந்துப் பணத்தில் பங்கு கேட்கவும் ஆள் இல்லை.

ஆனால் எட்டாவது கால்பந்து அணி? மிகப் பொருத்தமான பெயர் லாஸ் வேகஸின் யுஎன்எல்வி. தொழில்முறை அணியான ரெய்டர்ஸ் ஆடும் மைதானத்தில் ஆடும் அணி, அந்த ஆண்டு 11 வெற்றி. யுஎன்எல்வி யோசித்தது. அதற்குள் மவுன்டன் வெஸ்ட் சுதாரித்துக்கொண்டது. போகிறவர்கள் கட்ட வேண்டிய விலகல் கட்டணத்தையும் பேக்-12 கட்ட வேண்டிய அபராதத்தையும் ஒரு பானையில் போட்டு, இருப்பவர்களுக்குப் பங்கு எழுதியது: யுஎன்எல்விக்கு 24.5 சதவீதம், விமானப்படைக் கல்லூரியின் அணியான ஏர் ஃபோர்ஸுக்கு 24.5, மற்றவர்களுக்கு மிச்சம். யுஎன்எல்வி தங்கிவிட்டது. பேக்-12 ஐந்து பேரை இழுத்ததால் விழுந்த பணமே, ஆறாவது ஆள் வராதபடி கட்டிப்போடும் கயிறாகிவிட்டது.

என் கணிப்பில் பொறுக்கும் வழியே சரியான வழி. அதைத் தவணையில் செய்ததுதான் தவறு. செப்டம்பர் 12 அன்றே யூட்டா ஸ்டேட்டையும் யுஎன்எல்வியையும் சேர்த்து ஆறு பேரை ஒரே மூச்சில் அறிவித்திருந்தால் அபராதம் 6.75 கோடி ஆகியிருக்கும். கடைசியில் விழுந்ததைவிட 1.25 கோடிதான் அதிகம். எட்டும் நிறைந்திருக்கும். மவுன்டன் வெஸ்ட்டின் கையில் பேரம் பேச அவகாசமும் இருந்திருக்காது. நெவாடாவின் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரே ஆட்சிக்குழுவின் கீழ் இருப்பதால், ரீனோவில் உள்ள மற்றதை விட்டுவிட்டு வேகஸ் அன்று சம்மதித்திருக்குமா என்பது வேறு கேள்வி. கேட்டுப் பார்த்திருக்கலாம். நான்கோடு நிறுத்தியதற்குக் காரணம் கிழக்கிலிருந்து பெரிய மீன் சிக்கும் என்ற நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒன்பது மாதம் எட்டாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. கீழ்நிலைப் பிரிவில் ஆடும் சாக்ரமெண்டோ ஸ்டேட் "சாக்-12" என்று சட்டை போட்டுக்கொள்ளாத குறையாக விளம்பரம் செய்து கதவைத் தட்டியது, திறக்கவில்லை. 2025 ஜூனில் சிபிஎஸ்ஸோடு 2031 வரை தொலைக்காட்சி ஒப்பந்தம் அமைந்த பிறகுதான், ஜூன் 30 அன்று டெக்சஸ் ஸ்டேட் வந்தது. ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவே சான் மார்க்கோஸில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம். முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்சன் படித்த இடம். 2023-இல்தான் முதன்முதலாக ஒரு பவுல் ஆட்டத்துக்குப் போன கால்பந்து அணி. டெக்சஸ் பள்ளிகளில் ஆட்டக்காரர் பிடிக்க ஒரு வாசல் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அந்தத் தேதியைப் பாருங்கள். மறுநாள், ஜூலை 1 முதல், அது இருந்த சன் பெல்ட் கூட்டமைப்பை விட்டு விலகும் கட்டணம் 50 லட்சத்திலிருந்து 1 கோடியாக ஏற இருந்தது. அவசரப்படுத்தியது பேக்-12 மட்டுமல்ல, நாள்காட்டியும்தான்.

எட்டு நிறைந்துவிட்டது. ஒன்பதாவது பற்றிப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர் மெம்ஃபிஸ். நான் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தால் வேகஸைவிட அதையே முதலில் கேட்பேன், ஆனால் 27 மாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பேன். 2024-இலும் அது முடியாததில்லை. 2026 ஜூலையிலிருந்து பின்னோக்கி எண்ணினால், மார்ச் மாத இறுதிக்குள் பேசி முடித்திருக்க வேண்டும். கோல்ஃபாக்ஸ் தீர்ப்பு உறுதியாகி அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.